போவேயில் அளவெடுக்கும் நாள்

மாதத்தின் முதல் செவ்வாய்.
ஏணி, உருப்பெருக்கி, பசை டப்பா தூக்கிக்கொண்டு
நானும் ஓடில் கார்பாந்தியேயும் பேராலயத்துக்குள் வருகிறோம்.
விரிசலின் இரு கரையையும் பிடித்தபடி
எண்பத்தொரு இடங்களில் கண்ணாடித் தகடுகள்.
அவள் படிப்பாள், நான் எழுதுவேன்.
பதினேழு: அசைவில்லை.
பதினெட்டு: அசைவில்லை.
பத்தொன்பது, இரு, கண்ணாடியைத் துடைக்கிறேன்.

இந்த ஊர்க் கல்லுக்கு ஆசை அதிகம்.
ஆமியாங்காரர்கள் நாற்பத்திரண்டு மீட்டர் எழுப்பினால்
நாங்கள் நாற்பத்தெட்டு என்றார்கள்.
எழுப்பியும் விட்டார்கள்.
பன்னிரண்டு வருஷம் நின்றது.
1284, நவம்பர், ஓர் இரவு, விதானம் தரைக்கு வந்தது.
ஏன் என்பதற்கு இன்றும் ஒரே பதில் இல்லை.
ஓடில் காற்று என்பாள்.
எங்கள் மேலதிகாரி தூண்கள் என்பார்.
சாட்சி சொல்லக் கூப்பிட்டால்
காற்று எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

அதன் பிறகு செய்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்த காரியம்:
இரண்டு தூணுக்கு நடுவில் இன்னொரு தூண்.
உயரத்தில் ஒரு சாண்கூடக் குறைக்கவில்லை.
குலை தாங்காத வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல
பயத்தை மட்டும் நெருக்கி நெருக்கி நட்டார்கள்.

இருபத்தாறு: அசைவில்லை.

முன்னூறு வருஷத்தில் புத்தி வந்திருக்கலாம்.
மேற்கே நடுக்கூடம் இல்லை,
சாய்ந்துகொள்ள ஒரு தோள் இல்லை,
அந்த வெறும் முதுகோடு
நூற்றைம்பத்து மூன்று மீட்டரில் ஒரு கோபுரம் வைத்தார்கள்.
நான்கு வருஷம்.
விண்ணேற்றத் திருநாள், ஊர்வலம் வாசலைக் கடந்ததும்
பின்னால் அந்தச் சத்தம்.
திரும்பிப் பார்த்தவர்களை அடிக்கடி நினைப்பேன்:
கையில் எரியும் மெழுகுவர்த்தி,
முதுகெல்லாம் சுண்ணாம்பு.

தொங்கிய மிச்சத்தை இறக்க எந்தக் கொத்தனும் ஏறவில்லை.
சாவுக்குக் குறித்த கைதி ஒருவனை ஏற்றினார்களாம்,
உயிரோடு இறங்கினால் விடுதலை என்று.
கதைதான். கதைக்குள் அவனுக்குப் பெயர்கூட இல்லை.
இடுப்பில் கயிறு கட்டியிருப்பார்கள்.
கழுத்துக்கு எடுத்துவைத்த
அதே கயிறாகவும் இருந்திருக்கும்.

எங்கள் பக்கம் இதை மொட்டைக் கோபுரம் என்போம்
என்று ஓடிலுக்கு ஒருமுறை மொழிபெயர்த்தேன்.
மொட்டையா, என்றாள், நீங்கள் கடவுளுக்குக் கொடுப்பீர்களே, அதுவா?
ஆமாம்.
அப்படியானால் இது யாருடைய வேண்டுதல்?
ஏணியில் நின்றபடி பதில் தேடினேன்.
முப்பத்தொன்று: அசைவில்லை, என்றாள் அவளே.

அறுபதுகளில் யாரோ ஒருவர் கண்ணை
வெளியே முட்டுவளைவுகளுக்கிடையில் ஓடிய இரும்பு உறுத்தியது.
அழகு கெடுகிறது, எடுங்கள்.
எடுத்தார்கள்.
கடற்காற்றில் கட்டடம் ஆட ஆரம்பித்ததும்
அழகைப் பற்றி யாரும் பேசவில்லை,
எஃகுக் கம்பி எங்கே என்று கேட்டார்கள்.
இப்போது உள்ளேயும் மரச்சட்டங்கள், இரும்புக் கால்கள்.
வருகிறவர்கள் அவை இல்லாத கோணம் தேடிப் படம் எடுக்கிறார்கள்.
வானியல் கடிகாரத்தின் முன்னால் கூட்டம் அதிகம்.

மதியம் பக்கத்துக் குட்டிக் கோயில் சுவரோரம் சாப்பிட்டோம்.
ஆயிரம் வருஷத்துக் கட்டடம், மரக்கூரை, சின்னச் சின்னக் கற்கள்.
பேராலயத்தின் நடுக்கூடம் இங்கேதான் வந்திருக்க வேண்டும்,
இதை இடித்துவிட்டு.
பாதி இடித்தார்கள். காசு தீர்ந்தது.
காசு தீர்ந்ததால் பிழைத்த சாமியின் வீடு.
மேலே அந்த ராட்சதன்,
ஓர் அடி எடுத்துவைத்து, காலைக் கீழே வைக்காமல்.

நாற்பத்து மூன்றில் தகடு உடைந்திருந்தது.
முடி மாதிரி ஒரு கோடு, குறுக்காக.
ஓடில் ரொம்ப நேரம் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை.
பூஜ்யம் புள்ளி மூன்று, எழுது.
எழுதினேன். பழையதைச் சுரண்டி எடுத்து
புதுக் கண்ணாடி வைத்தோம், ஓரத்தில் தேதி.
பசை இறுகும் வரை ஒருவர்
கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
இன்று என் முறை.